ஊதுவத்திப் புகை படாத இடம்

ஈரப் படிகாரத்தின் வாசனையும் எலுமிச்சை கொலோனும் காலையில் ஏற்றிய ஊதுவத்தியின் மிச்சப் புகையும் கலந்து, ஏசிக் குளிரில் அசையாமல் நிற்கிற ஒரு காற்று உண்டு. பிள்ளைகளே, உங்கள் அப்பாவாகிய நான் வளர்ந்தது அந்தக் காற்றில்தான். அமீரகத்து அல் ஐனில், லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற பகுதியில், ஒரு டயர்க் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவே இரண்டு நாற்காலி போட்ட சலூன் ஒன்றை உங்கள் தாத்தா நடத்திவந்தார். இனி அவரை அப்பா என்றே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் வரும். கடையின் உரிமம் எங்களுக்குப் பொறுப்பேற்ற உள்ளூர் அரபிக்காரர், 'கஃபீல்' என்பார்கள், அவர் பெயரில் இருந்தது, காலையிலிருந்து இரவுவரை நிற்கிற கால்கள் அப்பாவுடையவை.

கண்ணாடிக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்கியது. 'இங்கே அரசியல் பேசாதீர்' என்று புதுக்கோட்டையில் எழுதி வாங்கி, துணிமணிக்கு நடுவே பெட்டியில் வைத்து அப்பா கொண்டுவந்தது. கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒருவருக்குக்கூடத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால், பட்டாணியரும் மலையாளியும் எகிப்துக்காரரும் அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து வயிறாரப் பேசிவிட்டுப் போனார்கள். அப்பா யாருக்கும் பதில் சொல்வதில்லை. "அடுத்தவன் கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு விவாதம் பண்ணக் கூடாதுடா" என்பார்.

ஈராக்கில் போர் தொடங்கிய வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. அந்த வருஷம்தான் மிஸ்டர் டேல் என்கிற அமெரிக்கர் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார். அமெரிக்கர் என்றதும் கோட்டும் சூட்டுமாக நினைத்துவிடாதீர்கள். அறுபதை நெருங்கிய மனிதர், விரலிடுக்கில் கிரீஸ் கறை, இடது கையில் இரண்டு விரல் பாதியோடு சரி. அவருடைய ஊரில் டிராக்டர் உதிரிபாகம் செய்கிற ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஆலையை மூடியதும் பிழைப்புக்கு வழியில்லாமல், உள்ளூர்ப் பையன்களுக்கு டீசல் எஞ்சின் வேலை கற்றுக்கொடுக்கிற ஒப்பந்தத்தில் பாலைவனத்துக்கு வந்தவர். வெள்ளைக்காரர்கள் போகிற பெரிய கடைகளில் முடிவெட்ட அதிகம் கேட்கிறார்கள் என்று, லாரிக்காரர்கள் வருகிற எங்கள் கடையைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, மதிய ஓய்வு முடிந்து கடை திறக்கிற நாலு மணிக்கு, வாசலில் நிற்பார்.

அப்பாவுக்கு 'சிட்', 'கட்', 'ஃபினிஷ்' தவிர ஆங்கிலம் கிடையாது. டேலுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான இரண்டு அரபு வார்த்தையை வைத்துக்கொண்டு முதல் நாளே தன் நாட்டுப் பொருளாதாரத்தை அப்பாவுக்கு அவர் விளக்கிவிட்டார். "ஃபேக்டரி கலாஸ். யூனியன் கலாஸ். பென்ஷன் மாஃபி." முடிந்தது, முடிந்தது, இல்லை. அப்பா கத்தரிக்கோலை நிறுத்தி, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அது அவருக்கு நன்றாகவே புரிந்தது.

அதற்கு மேல் பேச அவர்களுக்கு நான் வேண்டியிருந்தேன். வீட்டுப்பாடத்தைக் காத்திருப்போர் பெஞ்சில் விரித்துவைத்து எழுதிக்கொண்டிருக்கும் என்னை, "எலே, தொர என்ன சொல்றாருன்னு கேளு" என்பார் அப்பா. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை என்பதில் அவருக்கு இருந்த பெருமையை நான் அன்று பயத்தோடுதான் சுமந்தேன்.

டேல் நிறையப் பேசுவார், எல்லாமே களைத்துப்போன குரலில். இரண்டு கட்சிக்கும் மாறி மாறி ஓட்டுப் போட்டுப் பார்த்துவிட்டதாகவும், ஒருவன் ஆலைக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தான், மற்றவன் சாவியைத் தொலைத்தான் என்றும் சொல்வார். தான் ஓட்டிய மெஷினை வேறு நாட்டுக்கு அனுப்புவதற்கு முன், அங்கிருந்து வந்தவர்களுக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கும்படி தன்னையே சொன்னார்கள் என்பார். "இங்கேயும் அதுதான் செய்கிறேன். என் வேலைக்கு அடுத்த ஆளை நானே தயார் பண்ணுகிறேன்." ஆனால் அதே மனிதர், பக்கத்து நாற்காலியில் இருந்த லாரிக்காரர் கான் பாய் அமெரிக்க ஜனாதிபதியை ஒரு வார்த்தை சொன்னதும் முகம் சிவந்து திரும்பினார். "நான் திட்டலாம். அது என் வீடு." பத்தொன்பது வயதில் தானும் பட்டாளத்தில் சண்டைக்குப் போனவர் அவர். தன் தெருவில் வேலை இல்லாத வீடுகளில்தான் பெரிய பெரிய கொடியாகப் பறக்கிறது என்று சொன்னவரும் அவர்தான், அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

இதையெல்லாம் நான் அப்படியே மொழிபெயர்க்கவில்லை. பிள்ளைகளே, நான் சொல்லவந்த குற்றம் இதுதான்.

டேலுடைய ஒரே மகன் டேனியைப் பட்டாளத்தில் ஈராக்குக்கு அனுப்பியிருந்தார்கள். அதை அவர் சொன்ன அன்று, அப்பா சவரக்கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்து இவனுங்களுக்கு என்னடா வேல? இவரு புள்ளயும் சாவான், அங்க உள்ள புள்ளயும் சாவும்" என்றார். டேல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்பா என்ன சொல்கிறார்?" பத்து வயசுப் பையன் நான் என்ன செய்வேன்? "உங்கள் மகனுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்கிறாராம்" என்றேன்.

அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். பெரிய ஆள் ஒருவரை ஒரே வாக்கியத்தில் அழவைக்க முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. அவர் சொல்வதில் முள்ளை எடுத்துவிட்டு அப்பாவிடம் கொடுப்பேன், அப்பா சொல்வதில் முள்ளை எடுத்துவிட்டு அவரிடம் கொடுப்பேன். ஒருநாள் அவர், சொந்த நாட்டை நினைத்து ஏங்குவதுண்டா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சீப்பை உதறிவிட்டு, "ஊர்ல முடிவெட்டப் போனா கொல்லப்பக்கமா வரச் சொல்லுவாங்க. எங்கப்பா வயச ஒத்தவர, நேத்துப் பொறந்தது 'டேய்'னு கூப்புடும். இங்க அரபி 'உஸ்தாத்', வாத்தியாரேங்குறான், அமெரிக்காக்காரன் கை குடுக்குறான். எந்த ஊரு நம்மூருன்னு நீயே சொல்லு" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "இந்தியா மிகவும் அழகான நாடு என்கிறார்" என்று சொன்னேன். டேல் தலையாட்டி, எல்லாருக்கும் அவரவர் நாடு அப்படித்தான் என்றார். ஒரே நாற்காலியின் முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு பேர், ஒருவர் தன்னைக் கைவிட்ட நாட்டை விடமுடியாமல், மற்றவர் தன்னை மதிக்காத ஊருக்குத் திரும்ப மனமில்லாமல். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் எவ்வளவோ பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த மாதம் டேல் தன் மகனுடைய போட்டோவைக் கொண்டுவந்தார். பட்டாள உடுப்பில், காது கொஞ்சம் துருத்தின, சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற முகம். அப்பா வேண்டிக்கொள்கிற இடத்தில் இதை வைக்க முடியுமா என்று கேட்டார். "தொர ஞாபகத்துக்கு வச்சுக்கச் சொல்றாருப்பா, சாமிகிட்ட வைக்கணுமாம்" என்றேன் நான். அப்பா போட்டோவை நெடுநேரம் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால், முருகன் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் நாலு முனையிலும் டேப் ஒட்டி வைத்தார்.

அதனால் வந்தது சங்கடம். கான் பாய் பெஷாவர்க்காரர், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். போட்டோவைப் பார்த்ததும், "யே ஃபௌஜி கோன் ஹை, உஸ்தாத்?" என்றார். இந்தப் பட்டாளத்துக்காரன் யார் என்று கேட்கிறார். அப்பா சொன்னார். கான் பாய்க்குத் தலை பாதிதான் வெட்டியிருந்தது. "தொப்பி போட்டுட்டுப் போற அளவுக்கு முடிச்சு விடு" என்று இந்தியில் சொல்லி, அதன்பின் எதிர்ச்சாரியில் இருந்த மலையாளி சலூனுக்குப் போனார். அவரோடு இன்னும் ஏழெட்டு லாரிக்காரர்கள் போனார்கள்.

"எடுத்துடலாமாடா?" என்று அப்பா ஒருநாள் என்னைக் கேட்டார். எடுத்தால் டேல் காரணம் கேட்பார், என் பொய் வெளியே வரும். "பாவம்பா, வருத்தப்படுவாரு" என்றேன். "அதுஞ்சரிதான்" என்று விட்டுவிட்டார். நல்ல வாடிக்கையாளர் ஒருவருக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்றுதான் நான் எண்ணினேன்.

இப்படி ஐந்து வருஷம் ஓடியது. டேனி ஒருமுறை ஊருக்குத் திரும்பி மறுபடியும் ஈராக்குக்குப் போனான். டேலுக்குப் போரைப் பற்றிய பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஜனாதிபதி சொல்வது சரி என்றார், பிறகு சரியாகத்தான் இருக்க வேண்டும் என்றார், பிறகு டிவியை அணைக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து எழுந்ததும் போட்டோவைப் பார்த்து, அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டு விழுகிறபோதெல்லாம் நான் புத்தகத்தில் குனிந்துகொள்வேன்.

நான் பத்தாம் வகுப்பு வந்தபோது உலகப் பொருளாதாரச் சரிவில் ஊரெங்கும் கட்டடங்கள் பாதியில் நின்றன. துபாயில் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் இருந்த எங்கள் மாமாவையும் அவருடைய கம்பெனி திருப்பி அனுப்பியது. விசா கேன்சல், விசா கேன்சல் என்பதே பேச்சாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை டேல் வந்து உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைத் திறந்து அப்பாவிடம் காட்டினார். விசாவின் மேல் முத்திரை. "ஐ ஆம் கலாஸ், மணி" என்று அப்பாவைப் பேர் சொல்லிச் சொன்னார். அப்பாவால் நம்ப முடியவில்லை. "இவங்களையுமாடா கேன்சல் பண்ணுவாங்க?" என்றார் என்னிடம். முப்பது நாளில் நாட்டைவிட்டுப் போகச் சொன்னதில் இருபது நாள் போயிருந்தது. அவருடைய ஊரில் இப்போது வீடுகளையே வங்கிக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்களாம், அங்கே போய் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

அப்பா அன்று அவசரப்படாமல் வெட்டினார். முடித்துவிட்டுப் பின்கழுத்தில் சோப்பு நுரை தடவும்போது டேல் என்னைக் கூப்பிட்டார். டேனி போன வாரம் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டான், ஒரு காது மட்டும் சரியாகக் கேட்கவில்லை, மற்றபடி முழுசாக வந்துவிட்டான் என்றார். "உன் அப்பாவிடம் சொல். அரசாங்கம் எனக்கு எதையும் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. என் மகனை அவருடைய வேண்டுதல்தான் காப்பாற்றியது."

எனக்கு அப்போது பதினைந்து வயது. இனி ஒருவரை ஏமாற்றி அனுப்பக் கூடாது, உண்மையைச் சொல்லிவிடுகிறவன்தான் ஆண்பிள்ளை என்று ஒரு வேகம். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நானே ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பா ஒருபோதும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்தப் போரே தப்பு என்றுதான் சொன்னார். அதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. என்னை மன்னித்துவிடுங்கள்.

"ஐந்து வருஷமா?" என்று மட்டும் கேட்டார் டேல்.

எழுந்தார். மேலே போர்த்தியிருந்த துணியைத் தானே அவிழ்த்து நாற்காலியில் மடித்துவைத்தார். சுவரண்டை போய் டேப்பை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி, போட்டோவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். கூலியைக் கல்லாவில் வைத்து, "ஷுக்ரன், மணி" என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "தொர, பின்கழுத்து பாக்கி இருக்கு, தொர, நொர காயுது" என்று தமிழில் சொல்லிக்கொண்டே டயர்க் கடைவரை போனார். டேல் திரும்பிப் பார்க்காமல் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

"என்னடா சொன்ன அவருகிட்ட?"

சொன்னேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் காத்திருப்போர் பெஞ்சில், என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைக் காட்டினார்.

கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஊதுவத்திப் புகை ஏறி வெளிர் காவியாகியிருந்தது. முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் காவி இன்னும் அடர்த்தியாக இருந்தது. அதன் நடுவே போட்டோ இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு போல நாலு மூலையாக வெளுத்துத் தெரிந்தது.

"தெனம் கட தொறந்ததும் ஊதுவத்தி காட்டுறனே, அது யாருக்குன்னு நெனச்ச? சண்ட தப்புதான். இப்பவும் தப்புதான். அதுக்குன்னு, கண்ணு முன்னாடி ஒரு புள்ள மொகத்த வச்சுக்கிட்டு, நல்லாயிருன்னு சொல்லாம இருக்க முடியுமாடா? வேண்டலன்னு சொன்னியே, நீ என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலேயே அப்பாவும் நானும் டேலுடைய குவார்ட்டர்ஸுக்குப் போனோம். "சண்ட தப்புதான், ஆனா உங்க புள்ளைக்குத் தெனமும் வேண்டிக்கிட்டேன்னு சொல்லு" என்று டாக்ஸியில் இரண்டுமுறை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். காவலாளி நேபாளிப் பையன், "சாப் கயா" என்றான், போய்விட்டாராம். முந்தின நாள் இரவே விமானம். ஊர் விலாசம் அவனுக்குத் தெரியாது, பிறகு கம்பெனியில் கேட்டதற்கும் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அன்று கடைக்குத் திரும்பியதும் அப்பா வழக்கம்போல ஊதுவத்தி ஏற்றினார். முருகனுக்குக் காட்டிவிட்டு, கை பக்கத்தில் வெளுத்திருந்த அந்த இடத்துக்கும் போய் வந்தது.

இரண்டு வருஷத்தில் நாங்களும் கடையை விட்டுவிட்டு ஊர் வந்தோம். இப்போது உங்களுக்காக நான் ஷார்ஜாவில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறேன். போன மாதம் லோடு விஷயமாக அல் ஐன் போனபோது அந்தத் தெருவைத் தேடினேன். டயர்க் கடை இல்லை, டீக்கடை இல்லை, சலூன் இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. கல்லாவுக்குப் பின்னாலிருந்த சுவரில் மேலிருந்து கீழ்வரை பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். தகரப் பலகை எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது போனில் பேசினால் போனே மொழிபெயர்த்துவிடுகிறது, கடையில் பையன்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அன்றிரவு தாத்தாவிடம் போனில் இதைச் சொன்னேன். கை நடுங்கி, கத்தி பிடிப்பதை அவர் விட்டு நாலு வருஷம் ஆகிறது. "அந்தப் புள்ளைக்கு இப்ப என்னடா வயசு இருக்கும்? காது கேக்குதோ என்னமோ" என்றார். டாக்ஸியில் அவர் சொல்லிக்கொடுத்த வாக்கியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆங்கிலத்திலும் அதைப் பிழையில்லாமல் சொல்ல இப்போது எனக்குத் தெரியும். கேட்க வேண்டியவர் எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதுதான் தெரியவில்லை.