வடிகட்டி அக்காவின் கடைசி அறிவிப்பு

எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் சங்கத்தில் அவளுக்கு வடிகட்டி அக்கா என்றுதான் பெயர். சங்கத்துக்கு ஒரு குழு மெயில் உண்டு. அந்த முகவரிக்கு யார் எழுதினாலும் உறுப்பினர் அத்தனை பேருக்கும் போகும். ஆனால் நேரே போகாது. முதலில் அக்காவிடம் வரும். அவள் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் போகும். பயிற்சி வகுப்பு, வேலைக் காலியிடம், சங்கக் கூட்டம், விதிமுறை மாற்றம். இதைத் தவிர வேறு எதுவும் அவளைத் தாண்டாது.

அவள் வருவதற்கு முன்னால் அது சந்தைக்கடையாக இருந்தது. ஒருவர் கூட்டத் தேதியைப் போடுவார். நாற்பது பேர் எல்லாருக்கும் ‘நன்றி’ என்று பதில் போடுவார்கள். ‘ஏனய்யா எல்லாருக்கும் அனுப்புகிறீர்கள்’ என்று இன்னும் பத்துப் பேர் எல்லாருக்கும் அனுப்புவார்கள். பழைய ஃபிரிட்ஜ் விற்பனைக்கு என்று ஒருத்தர். மச்சானுக்குப் பெண் தேடி இன்னொருத்தர், அதுவும் மச்சானின் போட்டோவோடு. அக்கா பொறுப்பெடுத்ததும் அத்தனையும் நின்றது. தலைப்பைப் பார்த்ததுமே என்ன, எங்கே, எப்போது என்று தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் எழுதியவரிடம் மட்டும் கேட்க வேண்டும். சொந்த விஷயம் ஒரு வரி கூடாது. சங்கத் தலைவரே பேரன் பிறந்ததைப் போடப் பார்த்தார். “வாழ்த்துகள் சார். ஆனா இது அறிவிப்பு இல்ல” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மனுஷன் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

நான் சங்கச் செயலாளர். அவளும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு வரவே வராது. ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று நோயாளியிடம் சொல்லும் அதே குரலில்தான் சண்டைக்கும் பதில் சொல்வாள். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனை பேருக்குச் சேதி சொன்னவள், சொல்லியே ஆக வேண்டிய ஒருத்திக்கு ஒரு தடவை சொல்லாமல் விட்டாள். அவள் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தபோது மகள் விடுதியில் தங்கி இதே எக்ஸ்ரே படிப்புக்குக் கடைசித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். ‘படிப்பு கெட்டுடும், முடிச்சுட்டு வரட்டும்’ என்று அக்கா வாயே திறக்கவில்லை. பெண் சந்தோஷமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை, எல்லாம் முடிந்திருந்தது. “எங்கப்பாவைப் பத்தி எனக்குச் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ண நீ யாரும்மா?” என்று ஒரே கேள்விதான் கேட்டாள். திரும்பிப் போனவள் போனை எடுக்கவில்லை. பிறகு நம்பரையே மாற்றிவிட்டாள். எந்த ஊரில் வேலை என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஆனால் சங்கத்தில் சேராமல் இந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது. அவளும் சேர்ந்தாள். ஊரும் போன் நம்பரும் எழுதாமல் மெயில் முகவரியை மட்டும் கொடுத்திருந்தாள். அது குழுவுக்குள் வந்தது. அன்றிலிருந்து அக்கா அறிவிப்பு எழுதுவதே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு கூட்டத் தேதியை எழுத அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள்.

“காதல் கடிதமா எழுதுற? ‘ஞாயிறு காலை கூட்டம்’னு போட்டுத் தொலையேன்” என்பேன்.

“அவ படிப்பாடி” என்பாள். “படிக்கலன்னா பேரை எடுக்கச் சொல்லியிருப்பாளே.”

அதுதான் அவளுக்கு மிச்சமிருந்த உறவு. பயிற்சி வகுப்பும் காலியிடமும் எழுதித்தான் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி. ஸ்கேன் படத்தை டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொல்லிவிட்டு டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். நான் அன்றைக்கே அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“பொண்ணுக்குச் சொல்லு.”

“எப்படி? என் மெயிலை அவ தடுத்து வச்சிருக்கா.”

“சங்க முகவரியிலிருந்து அவளுக்கு மட்டும் அனுப்பு. உன் கையிலதானே இருக்கு?”

“அந்த முகவரியை அவ சங்கத்துக்குக் குடுத்தா. எனக்கும் குடுக்கல, உனக்கும் குடுக்கல.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உயிர் போகிற நேரத்தில் விதிமுறை பேசுகிறாளே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அசையவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது. “இந்தத் தடவை அவளுக்குத் தெரியணும்டி. அதை மட்டும் செஞ்சுட்டுப் போயிடணும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு வழி தோன்றியது. குழு மெயிலைப் பார்ப்பவர் மாறினால் அது அறிவிப்புத்தானே? அதை எல்லாருக்கும் சொல்லத்தானே வேண்டும்? அவளும் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டாள். நான் உடனே எழுதினேன்: வயிற்றுக் கட்டி, பெரிய ஆபரேஷன், இன்ன ஆஸ்பத்திரி, இன்ன தேதி. அவள் வாங்கி ஒவ்வொன்றாக வெட்டினாள். கட்டி சொந்த விஷயம். ஆஸ்பத்திரி சொந்த விஷயம். தேதி போட்டால் ஆளாளுக்குக் கிளம்பி வருவார்கள். கடைசியில் மிஞ்சியது இதுதான்: ‘மருத்துவ விடுப்பில் செல்வதால், இன்று முதல் குழு மெயில் பொறுப்பைச் செயலாளர் பார்த்துக்கொள்வார்.’

“இதைப் படிச்சா பல்லு பிடுங்கப் போறேன்னு நினைப்பாங்க” என்று கத்தினேன்.

“அவளை மிரட்டிக் கூப்பிட்டதா இருக்கக் கூடாது. தெரிஞ்சா போதும். வரதும் வராததும் அவ இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அனுப்பினாள். சண்டை போட்டும் பயனில்லை.

ஆபரேஷன் வரைக்கும் நான்தான் மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ‘நலம் பெறுக’ என்று நிறைய வந்தது. தலைவர்கூட எழுதியிருந்தார். மகளிடமிருந்து ஒன்றும் இல்லை. அக்கா ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பாள், வாயால் கேட்க மாட்டாள். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதும் அப்படித்தான் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். அவர் நடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ரத்தத்தை நிறுத்த முடியவில்லையாம்.

நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் படியேறி ஒருத்தி வந்தாள். தோளில் பை, வேலைக்குப் போடும் செருப்பு, தூக்கமில்லாத கண். அக்காவின் நெற்றி அப்படியே இருந்தது.

“கீழே எக்ஸ்ரே பிரிவுல கேட்டேன். இங்கதான்னு சொன்னாங்க” என்றாள். “எப்போ ரூமுக்குக் கொண்டு வருவாங்க?”

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள் அழவில்லை.

“மருத்துவ விடுப்புன்னுதானே போட்டிருந்துச்சு” என்றாள். “சின்ன விஷயம்னு நினைச்சேன். நேத்து ஒரு ஷிஃப்ட் பாக்கி இருந்துச்சு. அதை முடிச்சுட்டு வரலாம்னு... அதை முடிச்சுட்டு வந்தேன் ஆன்ட்டி.”

நேற்று வந்திருந்தால் அம்மா பேசியிருப்பாள். அதை நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

தலைவர் போன் பண்ணினார். விஷயத்தைச் சொன்னதும் விம்மினார். பிறகு, உறுப்பினர் இறந்தால் குழு மெயிலில் போடுவது வழக்கம், நீங்களே போட்டுவிடுங்கள் என்றார். சரி என்று வைத்தேன். பக்கத்திலிருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

“அனுப்புங்க ஆன்ட்டி. எனக்கு மட்டும் வராம பண்ண முடியுமா?”

“ஒருத்தரை மட்டும் விட முடியாதும்மா. பேரை எடுத்தாத்தான் வராது.”

“எடுக்காதீங்க” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நான் அந்த அறிவிப்பை அனுப்பவில்லை. போனை எடுத்து உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். எழுந்து தள்ளிப் போய்ப் பேசலாம் என்றால், அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.