குளிர் அறையிலிருந்து ஓர் அழைப்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கையால் தொட்டதைத்தான் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் என் பிழைப்பு. அக்கா வீட்டுக்காரர் ஒரு மீன் குளிர்க்கிடங்கில் மேனேஜர். ஒரு ஞாயிறு பிற்பகல் போன் செய்தார்.

"மாப்ளே, சிஸ்டம் ஆமை மாதிரி நகருது. வந்து பாரேன்."

போனேன். அவரைத் தவிர அங்கே ஆள் இல்லை. ஓடும் யந்திரங்களின் இரைச்சல் மட்டும்.

கீபோர்டோ மணியோ, எந்தச் சாதனமும் தனக்கு ஏதாவது தேவையென்றால் தன் கம்பி வழியாக, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரைத் தட்டிக் கூப்பிடும். அதுவும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு என்னவென்று திரும்பிப் பார்க்கும். இதை இன்டரப்ட் என்போம். எந்தக் கம்பி எத்தனை முறை கூப்பிட்டது என்பதைத் திரையில் பார்க்கலாம்.

பார்த்தேன். ஒரே ஒரு கம்பியின் எண் மட்டும் வெறி பிடித்தாற்போல் ஏறிக்கொண்டிருந்தது.

"இது எதோட லைன், அத்தான்?"

எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"குளிர் ரூமுக்குள்ள இருந்த அவசர மணி. யாராவது மாட்டிக்கிட்டா அமுக்கறதுக்கு. ஆனா... அந்த வயரைப் போன வருஷமே பிடுங்கியாச்சே."

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். உண்மைதான். வயர் இல்லை. சந்தேகத்துக்கு அந்த வயர் செருகியிருந்த கார்டையே உருவி மேஜையில் வைத்தேன்.

எண் ஏறியது.

ஆனால் வேகம் குறைந்திருந்தது. ஒன்று... இன்னொன்று... நீண்ட இடைவெளி... இன்னொன்று. களைத்துப்போன கை மாதிரி.

மணி 3.40. எண் ஏறுவது நின்றுவிட்டது.

டொக்.

குளிர் அறைக் கதவு. உள்ளிருந்து.

"சிஸ்டம் அதைக் கண்டுக்காத மாதிரி லைனை அடைச்சிடு மாப்ளே. போயிடலாம்."

"உள்ள ஆள் இருந்தா?"

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வாசலைத் தாண்டவில்லை.

நான் நுழைந்தேன்.

மீன் பெட்டிகள். எங்கும் வெள்ளைப் பனி. யாரும் இல்லை.

சுவரில் ஒரு சிவப்புப் பட்டன். அதன் மேல் மட்டும் பனி இல்லை.

தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது... அப்போதுதான் யாரோ விரலை எடுத்ததுபோல.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது.

அன்று இரவு அக்காதான் சொன்னாள்.

"மணி சும்மா சும்மா அடிக்குதுன்னு முன்னாடி இருந்த மெக்கானிக் அந்த லைனை அடைச்சு வெச்சுட்டான்டா. அதே வாரம் பெட்டி தூக்கறவர் ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டார். ராத்திரி பூரா அமுக்கியிருக்கார். யாருக்கும் கேக்கல. காலைல பாத்தா விரல் பட்டனோட உறைஞ்சு ஒட்டியிருக்கு. பட்டனைப் பேத்துதான் அவரையே எடுத்தாங்க."

"அப்புறம் வேற பட்டன் வெச்சாங்களா?"

"இல்லடா. அந்தச் சுவத்துல இப்ப வெறும் ஓட்டைதான் இருக்கு."