டிபன் கடையில் கேட்ட குரல்

என் கணவர் சினிமாவில் சின்னச் சின்னக் காமெடி வேஷங்களில் நடித்தவர். முகத்தைவிட அவர் குரல்தான் ஜனங்களுக்கு அதிகம் பழக்கம். டப்பிங்கில் கிழவர், குரங்கு, கிளி என்று எல்லாமாகவும் பேசுவார். வீட்டில் மட்டும் மெதுவாக, சாதாரணமாகப் பேசுவார்.

தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவருக்குச் சென்னை பிடிக்கவில்லை. திருவண்ணாமலைக்கு வந்து ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்தோம்.

ஒருநாள் காலை செங்கம் சாலையில் ஒரு டிபன் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் கார்ட்டூன் கரடி ஒன்று தேன் கிடைக்கவில்லை என்று புலம்பியது. அவருடைய குரல். கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

கடைக்கார அம்மா சிரித்தார். "எத்தினி வாட்டி பார்த்தாலும் சிரிப்பு வருதுங்க. யாரு பேசுறாங்களோ!"

"இவர்தாங்க" என்றேன்.

இவர் கழுத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. ரிமோட்டை எடுத்து, "நல்லா கேளுங்கண்ணா" என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

இவர் கரடியையே பார்த்தபடி ஒவ்வொரு வசனத்துக்கும் உதட்டை அசைத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். உதடுகள் சத்தமில்லாமல் என் பெயரைச் சொல்லின.

அந்தக் குரல் எத்தனையோ படங்களில் பத்திரமாக இருக்கிறது. அது என்னைக் கூப்பிட்டதை மட்டும் நாங்கள் எங்கேயும் பதிந்து வைக்கவில்லை. அடுப்படியில் நிற்கும்போது சில நேரம் கூப்பிட்ட மாதிரியே இருக்கும். "இதோ வந்துட்டேங்க" என்று சொல்லிவிடுகிறேன்.