ரொவீனாவின் மணிக்கட்டு வலி

ரொவீனாவுக்கு மணிக்கட்டில் வலியே கிடையாது. போன அக்டோபரில் சொன்ன பொய் அது. தினமும் சாயங்காலம் கிளெம் தைலத்தோடு வந்து உட்கார்ந்து, மனைவியின் கையை மடியில் வைத்துத் தேய்த்துவிடுவார். அவளும் வெட்கமில்லாமல் "அங்கேதான்" என்பாள்.

பொய்க்குக் காரணம் அவருடைய கண். இருபத்தாறு வருடமாகக் கால்வாயில் ஓடும் ஒரு நீளப் படகுதான் வீடு. சுக்கான் அவருக்கு, படகை ஏற்றி இறக்கும் தொட்டியான லாக் வந்தால் கரையில் இறங்கிக் கதவையும் அதில் தண்ணீர் திறக்கும் ஷட்டரையும் பார்ப்பது அவளுக்கு. பார்வை மங்குவதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் சுக்கானை விடுவார், அதோடு படகையும் விற்றுவிட்டு ஒடிந்துபோவார் என்று பயம். அதனால் லாக்கில் தண்ணீர் வடிக்கும்போது ஷட்டரைப் பாதிதான் தூக்குவாள். மெல்ல வடிந்தால், தவறு நடந்தாலும் சுதாரிக்கலாம். கை வலி என்பது சாக்கு.

மே மாதக் காலை. வாத்துகூட அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. கரையில் கட்டியிருந்த படகிலிருந்து பழைய சிநேகிதன் பெர்சி கத்தினான்.

"என்ன கிளெம், இன்னுமா உன்னைத் தண்ணில தள்ளாம வச்சிருக்கா?"

"இடுப்பளவுதானே ஆழம்! பத்தாதுன்னு யோசிக்கிறா!"

அடுத்த வளைவில் லாக். மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பக்கம் சுவரிலுள்ள வெள்ளைக் கோட்டைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும்போது வால் திட்டில் மாட்டிக்கொள்ளும், தலை மட்டும் கீழே போகும், படகே மூழ்கும்.

ரொவீனா கீழ்க்கதவில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு நிமிர்ந்தாள். படகின் கூரையிலிருந்த டீக் கோப்பை தானாக நகர்ந்து அவளை நோக்கி வந்தது.

"கிளெம்! மாட்டிக்கிச்சு! கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

கொக்கியைத் தட்டிவிட்டாள், ஷட்டர் தடாலென்று விழுந்தது. மேல்கதவுக்கு ஓடி, இரும்புக் கைப்பிடியைச் செருகி, அங்குள்ள ஷட்டரை முழுசாகச் சுற்றித் திறந்தாள். தண்ணீர் ஏறியது. படகு முனகிக்கொண்டே திட்டிலிருந்து விடுபட்டது.

கிளெம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோடு எங்க இருக்கு?"

"உன் முட்டிக்கு நேரா. முன்னாடி."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப அந்தச் சுத்து சுத்தினியே, கை வலிக்கல?"

இனி எதைச் சொல்லி மழுப்புவது? "வலியே கிடையாது, கிளெம்."

"அடிப்பாவி! எத்தனை பாட்டில் தைலம்!" சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். ஏணியில் தடவித் தடவி மேலே ஏறி வந்து கையை நீட்டினார். "குடு அந்தக் கைப்பிடிய. கதவு அளவு பெருசா இருந்தா எனக்குத் தெரியுது."

"படகை வித்துடலாம்னு சொல்லப்போறியா?"

"யாரு சொன்னா? ஓட்டற ஆள்தான் மாறுது. போ, போய் நில்லு. கோட்டைப் பார்த்து நிறுத்து, என்னை மாதிரி நிறுத்தாதே."

அவளுக்கு அழுகை வந்தது. எட்டு மாதம் இந்த மனுஷனை இவ்வளவு குறைவாக எடைபோட்டுவிட்டோமே என்று தன்மேல் கோபமும் வந்தது.

மத்தியானம் முழுக்கப் பக்கவாட்டுக் காற்று. சுக்கான் அவளை ஒரு வழி பண்ணிவிட்டது. சாயங்காலம் படகைக் கட்டியதும் கையைத் தானே நீட்டினாள்.

"நிஜமாவே வலிக்குது."

"எங்க?"

"அங்கேதான்."

அவர் நம்பவில்லை. இருந்தாலும் வெகுநேரம் தேய்த்துவிட்டார்.