நாரைக்கும் ஒரு முறைத் தண்ணீர்

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, வையம்பட்டிப் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றுக்கு உதவிப் பொறியாளராகப் போய் வந்தேன். ஒரு தை மாதம், மறுநாள் காலை ஷட்டரை முழுக்கத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நெல் பால் பிடிக்கும் நேரம். விவசாயிகளின் அவசரம் நியாயமானதுதான்.

அன்று பார்த்து, பறவைகளைக் கணக்கெடுக்கக் கல்லூரிப் பேராசிரியை ஆரோக்கியமேரி வந்தார். கரையோரம் ஊசிவால் வாத்துகளையும் நாமக்கோழிகளையும் எண்ணி முடித்தவர், தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களைக் காட்டினார். கூடு கூடாக நத்தைகுத்தி நாரைக் குஞ்சுகள்.

"முழுசாத் திறந்தா மரத்தடி காஞ்சிடும் மேடம். நாயும் காட்டுப்பூனையும் நடந்தே போயிடும். ஒரு குஞ்சும் மிஞ்சாது" என்றார் என்னிடம்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "ஏம்மா, நாரை மனு கொடுத்திருக்கா?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பாதி திறந்து முறை வெச்சு விட்டா பயிருக்கும் போதும் சார்" என்றேன்.

"விவசாயிங்க ஒத்துக்கிட்டா செய்ங்க."

சிக்கலே அதில்தான். பாதித் தண்ணீர் வாய்க்காலின் கடைசி வயல்வரை போய்ச் சேர வேண்டுமானால், முதல் வயல்காரர் தன் மடையை அடைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எங்கள் முதல் வயல்காரர் பழனியாண்டி. அவர் அப்பா காலத்திலிருந்தே முதல் தண்ணீர் அவர்கள் வயலுக்குத்தான். இப்போதே ஷட்டர் பக்கத்தில் மண்வெட்டியோடு காவல் உட்கார்ந்திருந்தார்.

"கொக்குக்காக என் பயிர் காயணுமா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

நான் பதிலுக்குக் கத்துவதற்குள், ஆரோக்கியமேரி ஸ்டாண்டில் இருந்த டெலஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பினார். "சும்மா ஒரு தடவ பாருங்கண்ணே."

உச்சி வெயில். ஒரு நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்தது. அதன் ஜோடி பறந்து வந்து, அலகில் கொண்டுவந்த தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றியது. பழனியாண்டி கண்ணை எடுக்கவே இல்லை.

"ஓரத்துல ஒண்ணு சவலையா கெடக்குதுங்க. அதுக்குத்தான் முதல்ல ஊத்துது."

டெலஸ்கோப்பை விட்டு நிமிர்ந்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என் மடையை அடைச்சிடறேன். கடைசி வயலுக்கு முதல்ல விடுங்க. ஆனா ஒரு குஞ்சு செத்தாலும் உங்களத்தான் கேப்பேன், மேடம்!"

இத்தனை வருட வேலையில் எனக்குப் பிடித்த மிரட்டல் அது ஒன்றுதான். இளைய பொறியாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விவசாயியிடம் உத்தரவை நீட்டாதீர்கள், கரைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

பழனியாண்டியின் வயலுக்கு எல்லாருக்கும் கடைசியாகத்தான் தண்ணீர் ஏறியது. அதுவரை தினமும் கரையில் நின்று நாய்களை விரட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.