மிதிபட்டும் தெரியாத கால்

இன்று காலை வகுப்பில் இழையங்கள், அதாவது உடல் திசுக்கள் பற்றிய பாடம். மேலணி இழையம் உடலை மூடிப் பாதுகாக்கும், தொடுப்பிழையம் உறுப்புகளை இணைத்துத் தாங்கும், தசையிழையம் அசைக்கும், நரம்பிழையம் செய்தி கொண்டுபோகும் என்று படிப்பித்தேன்.

பின்னேரம் அப்புத்தளையில் பதுளை பஸ் ஏறினேன். நிற்கவே இடமில்லை. பண்டாரவளை தாண்டித்தான் குனிந்து பார்த்தேன். ஸீட்டில் இருந்த ஓர் அம்மாவின் கால்விரலை என் குதியுயர்ந்த செருப்பு மிதித்துக்கொண்டிருந்தது. இரத்தம் வேறு.

"ஐயோ! ஏம்மா சொல்லல?"

அவரும் அப்போதுதான் பார்த்தார். "எனக்குத் தெரியவே இல்ல புள்ள. சீனி வியாதி வந்ததுல இருந்து பாதத்துல உணர்வு இல்ல. நான்தான் கால நீட்டிட்டேன், மன்னிச்சிரு."

நரம்பு கொண்டுபோகும் என்று நான் படிப்பித்த அந்தச் செய்தி அவர் காலிலிருந்து புறப்படவே இல்லை. மன்னிப்பும் அவரே கேட்டார்.

பதுளையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

மருந்து கட்டிய நர்ஸ், "கவனிக்காம விட்டிருந்தா விரலே போயிருக்கும். யாரு மிதிச்சது?" என்று கேட்டார்.

"கூட்டத்துல யாரோ" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்க்காமலே.

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "கூட்டிட்டு வந்தீங்களே, உங்களுக்கு நல்ல மனசு."

நான் தலையாட்டினேன்.

நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.