கிளார்க் பரீட்சை எழுதியே காலம் தள்ளியவள்

வங்கி கிளார்க் பரீட்சை எழுதுவதும் ஒரு முழுநேரத் தொழில்தான். என்ன, இதில் சம்பளத்தை நாம்தான் விண்ணப்பக் கட்டணமாகக் கட்ட வேண்டும். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனிப் பரீட்சை. பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டே அத்தனையையும் எழுதினேன். என்னைப் போல் விடைத்தாளில் வட்டம் வட்டமாகக் கறுப்படித்தே இளமையைக் கழித்தவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்?

லீவு

பரீட்சை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் தீபாவளி சீசனில் எங்கள் கம்பெனிக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது, ஆர்டர் மட்டும்தான் உண்டு. போர்மேன் அண்ணாச்சியிடம் பயந்து பயந்து லீவு கேட்டேன். போன மாதமும் இதே காரணம் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: “ஏம்மா, ஒரே ஆளு எத்தன பேங்குலதான் வேல பாப்ப?”

குரு

விருதுநகரில் ஒரு எண்ணெய்க் கடை மாடியில் எங்கள் கோச்சிங் சென்டர். கீழே கடலை எண்ணெய் வாசம், மேலே ஆங்கில இலக்கணம். இரண்டுமே தலையைச் சுற்றும். சார் பிரமாதமாக நடத்துவார். விடை தெரியாத கேள்விக்கு விடை எழுதுவது எப்படி என்பதையே ஒரு வாரம் நடத்தினார்.

ஒருநாள் காரியாபட்டிப் பையன் ஒருவன் எழுந்து, “சார், நீங்க எந்த பேங்க் பரீட்சைல பாஸ் பண்ணுனீக?” என்று கேட்டுவிட்டான். சாருக்குக் கோபமே வரவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஏலே, பாஸ் பண்ணியிருந்தா நான் எதுக்குலே இங்கன வந்து ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கேன்?”

மதுரையில் ஒரு பதற்றம்

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. சோப்பு, புளி, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் மருந்துக் கறை போகவில்லை. ஹாலைக் கண்காணித்த சார் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிட் எழுதி வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். “என்ன இது?” என்றார். “பட்டாசு மருந்து சார்” என்றேன். சட்டென்று பின்னால் நகர்ந்து, எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு பெஞ்சு இருக்கும்படி பார்த்துக்கொண்டு கேட்டார்: “வெடிக்காதுல்லம்மா?”

பெண் பார்த்த படலம்

வேலைதான் அமையவில்லை, கல்யாணமாவது அமையட்டும் என்று அம்மா தரகரைப் பிடித்தாள். மாப்பிள்ளை வந்தார். என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கம்ப்யூட்டர் பாடத்துக்கு எந்தப் புத்தகம் படிக்கிறேன் என்று கேட்டார். அவரும் நம்ம தொழில்தான்! பிறகென்ன, மைனஸ் மார்க்கைப் பற்றி மனம்விட்டுப் பேசினோம். உள்ளே அம்மா, ‘இம்புட்டு நேரம் பேசுதுகளே’ என்று பூரித்துப் போயிருந்தாள்.

மறுநாள் தரகர் வந்து பதில் சொன்னார்: “மாப்பிள்ளைக்குப் பொண்ண ரொம்பப் பிடிச்சிருக்காம். ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் பாஸ் பண்ணட்டும், பெறகு பாக்கலாம்னு அவுக அப்பா சொல்றாக.”

அரசாங்கம் தந்த லீவு

அந்த சீசனின் நடுவில் பக்கத்துக் கம்பெனியில் மருந்துக் கலவை அறை வெடித்தது. எங்கள் ஷெட்டே ஆடியது. நான் பின்னிய சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் பின்னும் பாக்கியம் அக்காதான் என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். முள்வேலி தாண்டும்போது விழுந்து அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பக்கத்துக் கம்பெனியில் இரண்டு பேர் பிழைக்கவில்லை. அதில் ஒருவர் முந்தின நாள், தன் வேனைத் தவறவிட்டு எங்கள் கம்பெனி வேனில் வந்தவர்.

அதிகாரிகள் வந்தார்கள், விதிகள் என்று சில இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. சுற்றுவட்டாரக் கம்பெனிகளை எல்லாம் சோதனைக்காக மூடினார்கள். நான் கெஞ்சியும் கிடைக்காத லீவு, இப்படிக் கிடைத்தது. புத்தகத்தைத் தொட மனசே வரவில்லை. அக்காவைப் பார்க்கப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திட்டித் தீர்த்தாள்: “என்னைய என்னத்தப் பாக்க வந்த? கம்பெனி தொறக்குறதுக்குள்ள போயிப் படி. அடுத்த தடவ ஒன்னைய இழுத்துக்கிட்டு ஓட எங்கிட்டக் கை இல்ல.”

நேர்முகம்

படித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன், சென்னையில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். குளிர்சாதன அறையில் மூன்று பெரியவர்கள். ஒருவர் என் ஊரைக் கேட்டதும், தீபாவளி வந்தால் தன் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது என்று வருத்தப்பட்டார். அந்தச் சரவெடியை நான்தான் பின்னினேன் என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “வாழ்க்கையில் ரிஸ்க் எடுத்த அனுபவம் ஏதாவது உண்டா?” என்றார். “தினமும் காலையில பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுறேன் சார்” என்றேன். அவர் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். நாய்க்காரர்தான் தோளைக் குறுக்கிக்கொண்டு வாயைத் திறந்தார்: “ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கப்பா.”

முதல் நாள்

வேலை கிடைத்துவிட்டது. ரிசல்ட் பார்த்த பிரவுசிங் சென்டர் வாசலில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். காரியாபட்டிப் பக்கம் ஒரு கிளையில் போட்டார்கள். புதுப் புடவை, புதுச் செருப்பு. மானேஜர் வரும்வரை வாடிக்கையாளர் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எத்தனை பரீட்சை, எத்தனை பஸ், எல்லாம் இந்த ஒரு காலைக்குத்தான் என்று நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். பருத்தி விற்ற பணத்தைக் கணக்கில் கட்ட வந்த அம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து அமர்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையிலிருந்த சலானை ஆட்டிக்கொண்டு கேட்டாள்: “ஏத்தா, இங்கன எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ள யாராச்சும் இருக்காளா?”

பரீட்சைக்குப் பரீட்சை கேட்டார்களே, ரயில் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று, அதை இன்றுவரை ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோரும் கேட்பது பாஸ்புக் மிஷின் எப்போது சரியாகும் என்பதைத்தான், அதற்கு மட்டும் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் விடை இல்லை.